மாமியின் பெட்டியில் ஒரு சைலன்சர்

அத்தானின் துப்பாக்கிக்கு ஒரு சைலன்சர் தெரிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இதன் தொடக்கம் எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும். பிழைகள் மட்டும் நான் நேரில் நின்று செய்தவை.

மொன்றியலுக்குப் பக்கத்தில், கர்க்லாண்டில் வீடு வாங்கிய கையோடு அத்தான் குறிபார்த்துச் சுடும் கிளப்பில் சேர்ந்தாராம். லைசன்ஸ் வகுப்பு பிரெஞ்சில். விளங்கிய இடத்திலும் விளங்காத இடத்திலும் ஒரே மாதிரித் தலையாட்டிப் பாஸ் பண்ணி, சின்னத் தோட்டா போடும் ஒரு பொயின்ட் டூ டூ ரைபிளும் வாங்கிவிட்டார்.

நியூசிலாந்தில் இருக்கும் அவருடைய தம்பி ரஞ்சன் போனில் உசுப்பேற்றினார்.

"அண்ணை, இஞ்ச சைலன்சர் பூட்டித்தான் முயல் சுடுறவை. கடையில சீனி வாங்கிற மாதிரி வாங்கலாம். எதெண்டு சொல்லுங்கோ, அம்மா வரேக்க குடுத்து விடுறன்."

அவர்களுடைய அம்மா எனக்கு மாமி. பேரப்பிள்ளைகளைப் பார்க்க மொன்றியல் வர இருந்தார்.

எதை வாங்குவது? எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். வொஷிங் மெஷினிலிருந்து மாப்பிள்ளை வரை விசாரிப்பது என் பொறுப்பு.

"நீ எஞ்சினியர்தானே?" என்றார் அத்தான்.

"நான் சிவில், அத்தான். பாலம் கட்டிறது."

"பாலத்தில சத்தம் வராதோ? பார்த்துச் சொல்லு!"

பார்த்தேன். இந்தச் சின்னத் தோட்டாக்கள் ஈயக் கரியை சைலன்சருக்குள்ளே அப்பிவிடுமாம். கழற்றித் துடைக்க முடியாவிட்டால் கொஞ்ச நாளில் அடைத்துப்போகும். ஆகவே கழற்றக்கூடியது, அலுமினியம், கையடக்கம். ரஞ்சனுக்கு எழுதினேன். வாங்கியாச்சு என்று பதில் வந்தது.

மாமி வரும் சனிக்கிழமை காலையில் எனக்கொரு சந்தேகம். ரைபிள் குழாயின் முனையில் இருக்கும் திருகு மரைக்கு அது பொருந்துமா?

அந்த நாட்களில் புவாண்ட்-கிளேரில் ஒரு கம்பனி எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. பொலிஸ் பதிவு சுத்தம் என்று கடிதம் வந்தால் போதும். அதற்காக நான் சிவப்பு விளக்கில் ரோட்டைக் கடப்பதைக்கூட நிறுத்தியிருந்தேன். அப்படிப்பட்ட நான் நேரே துப்பாக்கிக் கடைக்குப் போனேன்.

"போஞ்சூர். சைலன்சர் மரை பற்றி ஒரு கேள்வி."

கடைக்காரர் நிமிர்ந்தார். "சைலன்சரா? எங்கே இருக்கிறது?"

மறைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. "இன்னும் வரவில்லை. நியூசிலாந்தில் வாங்கியது. இன்று பின்னேரம் என் மாமி பெட்டியில் கொண்டுவருகிறார். கூட்டிவர நானும் எயார்போட்டுக்குப் போகிறேன்."

கடை முழுக்க அமைதி. சைலன்சர் பூட்டாமலே!

"மிஸ்யூ, கனடாவில் அது தடைசெய்த பொருள். வைத்திருந்தாலே குற்றம். நாட்டுக்குள் கொண்டுவந்தால் இன்னும் பெரிய குற்றம்."

பக்கத்தில் தோட்டா வாங்கிக்கொண்டிருந்த தாடிக்காரர் தொண்டையைச் செருமினார். "நான் பொலிஸ். இன்று எனக்கு லீவு. என் காதுகளுக்கும் லீவு. நீங்கள் ஓடுங்கள்."

ஓடினேன்.

ரஞ்சனுக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. அங்கே ஊரே நித்திரை. மாமி எப்போதோ பிளேன் ஏறிவிட்டார்.

நான் விஷயத்தைச் சொன்னதும், எயார்போட் போகும் காரிலேயே அத்தான் ஒரு பொய்யைத் தயாரித்தார். "அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்லுவம்."

"உண்மையைச் சொல்லுவம், அத்தான். எது நல்லதெண்டு தேடினது நான்தான் எண்டு..."

"நீ வாயைத் திறக்காமல் இருந்தாக் காணும்!" என்றாள் அக்கா. "வேலையும் போய், கம்பியும் எண்ணப் போறியே?"

கண்ணாடிக் கதவு திறந்தது. மாமி வந்தார். பின்னால் சீருடை போட்ட ஒருவர் பெட்டி வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் என் இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டிவிட்டேன், விலங்கு மாட்ட வசதியாக.

அவர் வண்டிலின் கைபிடியை என் கைகளில் தந்துவிட்டு, "போன் ஜூர்னே" என்று பிரெஞ்சில் வாழ்த்திவிட்டுப் போய்விட்டார்.

அத்தான் கிசுகிசுத்தார். "அம்மா, ரஞ்சன் தந்த குழாய்?"

"அதோ? பெட்டி பாரம் கூடிப்போச்சடா. அதைத் தூக்கி அலுமாரிக்கை வைச்சிட்டு, மிளகாய்த்தூளைத் திணிச்சுக்கொண்டு வந்தனான். அவனுக்குச் சொல்லிப்போடாத, கோவிப்பான்."

அத்தான் மாமியைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். மிளகாய்த்தூளில் மகனுக்கு இவ்வளவு ஆசையா என்று மாமி இன்றும் சொல்லிப் பூரிக்கிறார்.

எனக்கு வேலை கிடைத்தது. பிறகு ஒருநாள் சட்டத்தைத் தேடிப் பார்த்தேன். இந்த ஊரில் கார் சத்தம் போட்டால் தண்டம். துப்பாக்கியின் சத்தத்தைக் குறைத்தால் சிறை.