ஒரே நாளில் நாற்பத்து மூன்று படங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா உன் கடைக்கு எதிரே எத்தனை நாள் வந்து நின்றார் என்று போன வாரம் தொலைபேசியில் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. அதை அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பார்த்ததன் விளைவுதான் இந்தக் கடிதம். இங்கே நானும் உன் அத்தானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் நேற்றைக்கு இன்று தேவலை. வீட்டில் உடம்பு சரியில்லாதது புதிதாக வந்த கணினிக்கு மட்டும்தான், அல்லது எனக்கு. இருவரில் யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை. கையால்தான் எழுதுகிறேன். கணினிக்குள் ஒன்றை வைத்தால் அது எங்கே போய்ச் சேரும் என்பதில் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை.

பழையது படுத்துவிட்டதால் புதியது வாங்கினோம். வாங்கிய கையோடு, வெளியூரில் படிக்கும் உன் மருமகள் தொலைபேசியில் உத்தரவு போட்டாள்: வீட்டில் மூலைக்கு மூலை கிடக்கும் படங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அழிந்துபோகும். அழிந்துபோகும் என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா உள்ளே போய் அப்பாவின் மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்து வந்தார். கண்ணாடிக்கு அடியில், துடைக்கிற துணியில் மடித்து, நகம் அளவுக்கு, அவர் கேமராவின் மெமரி கார்டு. அப்பா போய் இரண்டு வருடமாகியும் அம்மா அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. ஏன் என்று கேட்டேன். "அவர் வச்ச இடத்துல இருந்துச்சு. நான் எதுக்கு எடுக்கணும்?" என்றார்.

எப்படிச் செருகுவது என்று மகளிடம் கேட்டேன். "எது கேட்டாலும் ஆமான்னு அமுக்கும்மா. நீ யோசிக்க ஆரம்பிச்சா அடுப்புல வச்ச பால் பொங்கின கதைதான்," என்றாள். பெற்ற தாயிடம் பேசுகிற பேச்சா இது? இருந்தாலும் அமுக்கினேன். கணினி ஆயிரத்து முந்நூறு படங்களை உறிஞ்சிக்கொண்டது. கார்டைக் காலி செய்யட்டுமா என்றது, ஆமாம். கேமரா கொடுத்த எண்களை எடுத்துவிட்டு, எடுத்த தேதியையே பெயராக வைக்கட்டுமா என்றது, ஆமாம். எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிவிட்டதாக அறிவித்தது. திறந்து பார்த்தால் ஒரே ஒரு கோப்புறை. ஜனவரி ஒன்று, இரண்டாயிரம். அந்த ஒரு நாளில் என் மகளுக்குப் பால் பல் விழுந்து, சைக்கிள் பழகி, பள்ளிப் படிப்பும் முடிந்திருக்கிறது. உன் அத்தானுக்குப் பாதி முடி போயிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்து கட்டும் பிரித்திருக்கிறார்கள். எல்லாம் பன்னிரண்டு மணிக்கும் பன்னிரண்டே முக்காலுக்கும் நடுவில். அதுவும் இரவுப் பன்னிரண்டாம். எல்லாப் படத்திலும் வெயில் அடிக்கிறது. அந்தத் தேதியில் எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பதை யாரிடம் போய் முறையிடுவது?

காரணம் உனக்கும் தெரியும். அப்பா அந்தக் கேமராவில் கடைசிவரை தேதி வைக்கவில்லை. ஆலையின் டைம் ஆபீசில் உட்கார்ந்து, ஒரு நிமிஷம் பிந்தி வந்தவனுக்கும் சிவப்பு மையில் எழுதி, 'நிமிஷம்' என்றே பட்டப்பெயர் வாங்கிய மனுஷர். தேதி வையுங்கள் என்று நான் சொன்னபோது, "முப்பத்தஞ்சு வருஷம் ஊரான் நேரத்தை எழுதியாச்சு. இதாவது நேரங்காலம் தெரியாம இருக்கட்டும்," என்றார்.

அடுத்ததாகக் கணினி முகம் பார்த்துப் பிரிக்கிறேன் என்றது. உன் அத்தானை முடி உள்ளவர், இல்லாதவர் என்று இரண்டு ஆளாக்கியது. அவர் அதற்காக அரை நாள் பேசவில்லை. பிறகு அப்பாவின் கட்டைவிரலைக் காட்டி 'இவர் யார்?' என்று கேட்டது. அவர் எடுத்த எல்லாப் படத்திலும் அந்த விரல் ஓரத்தில் நிற்கும் அல்லவா? நான் 'அப்பா' என்று பதில் கொடுத்தேன். உடனே அது அந்த விரல் உள்ள படங்களையெல்லாம் ஒன்று சேர்த்தது. அதில்தான் உன் கடை வந்தது.

எதிர்ப்புறத்துப் பேருந்து நிறுத்தத்தில் நின்று எடுத்திருக்கிறார். பாதி தூக்கிய ஷட்டர், மேலே பெயர்ப்பலகை, சாம்பல் நிற மேலங்கியோடு குனிந்து எதையோ கழற்றிக்கொண்டிருக்கும் நீ, வலது ஓரத்தில் விரல். அவர் வாங்கிக் கொடுத்த ஆலை வேலையை நீ உதறிவிட்டு மின்விசிறியும் இஸ்திரிப் பெட்டியும் பழுதுபார்க்கக் கடை போட்டபோது, அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று அவர் சொன்னதும், சாகிறவரை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளாததும் இந்த வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு. சொன்னபடி அவர் மிதிக்கவில்லை. வாசலுக்கு எதிரேதான் நின்றிருக்கிறார். இதைத் தொலைபேசியில் சொன்னதும் நீ கேட்டது ஒன்றுதான். "எத்தனை நாள்க்கா?"

அன்றைக்குச் சாயங்காலம் கணினி, ஒரே மாதிரியான நாற்பத்து மூன்று படங்கள் இருக்கின்றன, சிறந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற நகல்களை நீக்கட்டுமா என்று கேட்டது. தபால்தலை அளவில் வரிசையாகக் காட்டியது. எல்லாம் உன் கடைதான். முதல் நாலைந்தைப் பார்த்தேன். அதே ஷட்டர், அதே முதுகு. எல்லாவற்றிலும் நேரம் பன்னிரண்டு ஒன்று. "ஒரு கடைக்கு நாற்பத்து மூணு படமா? கடைக்காரனே அவ்வளவு நேரம் கடையைப் பார்த்திருக்க மாட்டான்," என்று உன் அத்தான் பின்னாலிருந்து சொன்னார். நான் ஆமாம் என்று அமுக்கிவிட்டேன்.

ஆகவே தம்பி, எனக்குத் தெரிந்தவரை கணக்கு இதுதான். அப்பா ஒரே ஒரு நாள் வந்தார். பித்தானை அமுக்கினால் விரலை எடுக்கத் தெரியாதவர். ஒரே நிமிஷத்தில் நாற்பத்து மூன்று விழுந்திருக்கிறது. நீ இதைவிட அதிகம் எதிர்பார்த்திருப்பாய். எனக்கும் ஆசைதான். ஆனால் ஆசைப்பட்டதையெல்லாம் நடந்தது என்று எழுத எனக்கு வராது. ஒரு நாளாவது வந்தாரே என்று வைத்துக்கொள். கணினி தேர்ந்தெடுத்த அந்த ஒரு படத்தை அச்சுப்போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்; விரல் குறைவாகத் தெரிகிறது என்பதுதான் அதன் சிறப்புபோல.

அம்மா உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொன்னார். அத்தான் தம் இரு ஆள்களின் சார்பிலும் விசாரித்ததாக எழுதச் சொன்னார். கடை நன்றாக நடக்கட்டும். நீயும் நன்றாக இரு.

அன்புடன்,
அக்கா

பின்குறிப்பு (மறுநாள்): மேலே எழுதியதை நம்பாதே. கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் என் மடத்தனத்துக்கும் ஒரு பதிவு இருக்கட்டும்.

இன்று காலை உறைக்குப் பசை தேடிய அத்தான், அம்மாவின் அலமாரியிலிருந்து அப்பாவின் கேமராவை எடுத்து வந்தார். உள்ளே பேட்டரி இல்லை. இரண்டு பேட்டரிகள் தனியாக, காகிதத்தில் சுற்றி ரப்பர் வளையம் போட்டு இருந்தன. "எடுத்து முடிச்சதும் கழட்டிடுவாரு. உள்ளேயே கிடந்தா சார்ஜ் வீணாப் போயிடும்னு," என்றார் அம்மா. புது பேட்டரி போட்டோம். ஜனவரி ஒன்று, இரண்டாயிரம், பன்னிரண்டு மணி. கழற்றிவைத்து, சாப்பிட்டு வந்து மறுபடி போட்டோம். ஜனவரி ஒன்று, பன்னிரண்டு மணி. பன்னிரண்டு ஒன்று என்றால் ஒரே நிமிஷம் என்று அர்த்தமில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்று பேட்டரியைப் போட்டு, ஒரு படம் எடுத்து, கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும்.

மகளை அழைத்தேன். என் குரலைக் கேட்டுப் பயந்துவிட்டாள். நீக்கியதெல்லாம் குப்பைத் தொட்டியில் முப்பது நாள் இருக்குமாம். நாற்பத்து இரண்டையும் மீட்டு, இந்த முறை ஒவ்வொன்றாகத் திரை முழுக்கத் திறந்தேன். உன் கடை வாசலில் பெயின்ட் டப்பாவில் ஒரு கொடி இருக்கிறதே. ஒரு படத்தில் அதற்கு இரண்டே இலை. இன்னொன்றில் குச்சி நட்டிருக்கிறாய். இன்னொன்றில் அது ஷட்டர் ஓரத்துக் குழாயைப் பிடித்திருக்கிறது. நான் கல்லூரியில் தாவரவியல் நடத்திச் சம்பளம் வாங்குகிறவள். சந்தேகப்படுவது என் குணம்; அப்பாவைச் சந்தேகப்பட்ட நேரத்தில் கணினியைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மத்தியானம் முழுக்க இலைகளை எண்ணி வரிசைப்படுத்தினேன். அம்மா பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "லைப்ரரிக்குப் போறேன்னுதான் கிளம்புவாரு. வந்ததும் இன்னைக்குக் கூட்டம் பரவாயில்லன்னு சொல்வாரு. சில நாள் யாருமே வரலன்னு சாப்பிடாமப் படுத்துடுவாரு. படிக்க ஆள் வரலைன்னா இவருக்கு என்னன்னு நானும் நினைச்சுக்குவேன்," என்றார்.

கடைசிப் படத்தில் கொடி பெயர்ப்பலகை வரை ஏறிப் பூத்திருக்கிறது. அது முதலில் எந்த மாதம் பூத்தது என்று எழுது, கணினிக்குத் தெரியாது. உறை தடித்துவிட்டதால் பெரிய உறையாக மாற்றியிருக்கிறேன். படங்கள் இலை வரிசையில் இருக்கின்றன, கலைத்துவிடாதே. நாற்பத்து மூன்று. ஒன்றுகூட நகல் இல்லை.