கோவிச்சுக்கக் கூடாது

மைக்கைக் காணோம்.

சட்டைக் காலரில் மாட்டுகிற, கட்டைவிரல் அளவே உள்ள மைக். விமர்சகர் மேசை இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டினார். பழைய சார்ஜர்கள், உயிர் போன ரிமோட்டுகள், எதனுடையது என்று யாருக்கும் தெரியாத ஒயர்கள் எல்லாம் வந்து விழுந்தன. மைக் மட்டும் வரவில்லை.

விமர்சகர் என்ற பட்டத்தை அவருக்கு ஊர் கூடி ஒன்றும் கொடுக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார். பகலெல்லாம் ஒரு குழாய் கம்பெனியில் கொள்முதல் பிரிவு குமாஸ்தா. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் ‘உள்ளது உள்ளபடி’ என்கிற வீடியோ சேனலின் அதிபர். வீடியோ கேமோ, காரோ, கைபேசியோ, மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைத்துவிடுவார். "ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது" என்றுதான் ஒவ்வொரு வீடியோவும் ஆரம்பிக்கும். கோபித்துக்கொள்ளவும் ஆள் வேண்டுமே. அவர் வீடியோவைப் பார்க்கிறவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். அதிலும் கட்டைவிரல் அவருடையதுதான்.

"தேடாதீங்க, இந்தாங்க" என்று மனைவி சமையலறையிலிருந்து மைக்கைக் கொண்டுவந்து நீட்டினாள். கரண்டி டப்பாவில் இருந்ததாம்.

"மைக்கு எப்படி கரண்டிக்கு நடுவுல போச்சு?"

"நான்தான் வச்சேன். அதைப் பத்தித்தான் உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு..."

"அப்புறம் சொல்லு. வெளிச்சம் போயிடும்."

"ஒரு வருஷமா இந்த ‘அப்புறம்’தான் கேட்டுட்டிருக்கேன்."

அது அவர் காதில் விழவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் மனைவி சொன்ன எதையும் அவர் கடைசிவரை கேட்டதாகச் சரித்திரம் இல்லை. பாதியிலேயே கருத்து சொல்லிவிடுவார். விளையாட்டு விஷயத்திலும் அப்படித்தான். போன வாரம் ஒரு வீடியோ கேமை வாங்கி, முதல் கட்டத்திலேயே செத்துப் போய், ‘இரண்டாவது கட்டம் படு மோசம்’ என்று விமர்சனம் போட்டவர்.

அன்றைக்குச் சகலையின் முறை. மனைவியின் தங்கை கணவர், ஆசை ஆசையாகப் புதுக் கார் வாங்கி, "ஓட்டிப் பாருங்க சகல" என்று சாவியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அப்பாவி மனிதர்.

விமர்சகர் காருக்குள் உட்கார்ந்து கேமராவைப் பார்த்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது. கதவைச் சாத்தினா பிஸ்கட் டின்னை மூடின சத்தம் வருது. பின் சீட்டுல உக்காந்தா முழங்கால் மோவாயைத் தொடுது. இதைப் போய் வாங்கினவரை நான் திட்ட மாட்டேன். அவர் என் சகலை. பாவம், அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அந்த ஐந்து விரல்களில் ஒன்று மச்சினியுடையதாக இருந்து தொலைத்தது. அவள் அக்காவுக்கு ஃபோன் போட்டு ஓவென்று அழுதாள்.

"போய் ஒரு வார்த்தை சமாதானமாப் பேசிட்டு வாங்க" என்றாள் மனைவி. "பேசாம வந்தாலும் சரி. சும்மா தலையைக் காட்டிட்டு வாங்க."

பேசாமல் வருவதா? விமர்சகர் போனார். மச்சினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காபி கொண்டுவந்து வைத்தாள்.

"சகல, நல்லாப் புரிஞ்சுக்கணும். விமர்சனம்னா அது பொருளைப் பத்தினது. பொருள் வாயைத் திறக்காது, கோவிச்சுக்காது. அதான் பொருளுக்கு அழகு. நானும் வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பாத்தேன். கார் மேல தப்பே இல்லை."

சகலையின் முகம் மலர்ந்தது.

"நீங்க ஓட்டற லட்சணம்தான் அப்படி."

மச்சினி காபியைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சகலை மட்டும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"விடுங்க சகல! உங்க மேல எப்படிக் கோவப்படறது? குறட்டை விட்டுக்கிட்டே ரிமோட்டை மட்டும் விடாமப் புடிச்சிருப்பீங்களே, அந்த அழகுக்கே உங்களை மன்னிச்சிடலாம்."

இது இவருக்கு எப்படித் தெரியும்? அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று விமர்சகர் சமாதானப்படுத்திக்கொண்டார்.

ஆனால் அடுத்த சில நாட்களில் ஊரே ஒரு மாதிரியாகிவிட்டது. மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை கேட்டார். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"சார், நீங்கதானே?"

"நான்தான்" என்றார் விமர்சகர், முடிந்தவரை அடக்கமாக.

"என்னோட அன்பளிப்பா இதையும் வச்சுக்குங்க" என்று கடைக்காரர் ஒரு அட்டை வாயு மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தார்.

தையல்காரர் அளவே எடுக்கவில்லை. "உங்களுக்குப் போய் அளவா சார்! இடுப்புல ரெண்டு விரக்கடை விட்டே தைக்கறேன்" என்றார். லிஃப்டில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி, "சார், ஈரத் துண்டை மட்டும் கட்டில் மேல போடாதீங்க, ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த மாடியிலேயே இறங்கி ஓடினாள்.

"பாத்தியா? ரசிகர்கள்னா இப்படித்தான். உரிமையோட பேசுவாங்க" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டார்.

மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னங்க, அந்த ஈரத் துண்டு விஷயம்... நான் உங்ககிட்ட..."

"ஆனா என் வீடியோ எண்ணிக்கை மட்டும் ஏறவே மாட்டேங்குது. ஏன் தெரியுமா? நேர்மையா பேசறவனை மறைக்கறாங்க. சதி!"

மனைவி பெருமூச்சு விட்டு, கட்டில் மேலிருந்த ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

புகழ் தலைக்கேறினால் மனிதன் ஆபீஸைத்தான் முதலில் பதம் பார்ப்பான். கம்பெனியில் புதிதாக, முகத்தைப் பார்த்து வருகைப் பதிவு செய்கிற மெஷின் ஒன்றை மாட்டியிருந்தார்கள். விமர்சகர் விடுவாரா?

"ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது. எங்க மேனேஜர் முடி வச்சுக்கிட்டு வந்தா மெஷின் அவரை உள்ள விடுது. வைக்காம வந்தா யாருன்னு கேக்குது. இவ்வளவு மட்டமான மெஷினை நான் பாத்ததே இல்லை."

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். தலையில் தொப்பி.

"அதை எடுத்துடுங்க."

"சார், நான் மெஷினைத்தான் சொன்னேன்."

"எடுத்துடுங்க."

எடுத்தார். எடுத்ததோடு சும்மா இருந்திருக்கலாம். ரசிகர்களுக்கு விளக்கம் தர வேண்டாமா? அன்று சாயங்காலமே இன்னொரு வீடியோ வந்தது. ‘மேனேஜர் முடி பொய்முடி என்று நான் சொல்லவே இல்லை. நிஜமுடி என்று நிரூபிக்கவும் என்னால் முடியாது. நான் நேர்மையானவன்.’ பார்க்காத கணக்குப் பிரிவும் தேடிப்பிடித்துப் பார்த்தது.

மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை கதவைச் சாத்தினார்.

"இன்னொரு வீடியோ வந்தா நீங்க வர வேண்டாம். இப்பவே சீட்டைக் கிழிச்சிருப்பேன். என் வீட்டுக்காரி உங்க பரம ரசிகை, அதனால தப்பிச்சீங்க. உங்களைப் பாத்தப்புறம்தான் நான் எவ்வளவோ தேவலைன்னு அவளுக்குப் புரிஞ்சுதாம்."

இதில் விமர்சகர் காதில் விழுந்தது ‘பரம ரசிகை’ மட்டும்தான்.

அன்று மனைவி குளித்துக்கொண்டிருந்தபோது அவள் ஃபோன் அடித்தது. எடுத்தார்.

"வணக்கம், வீட்டு உபயோகப் பொருள் கம்பெனியிலேர்ந்து பேசறோம்" என்றது ஒரு பெண் குரல். "சேனல் விஷயமா நாளைக்கு சாயங்காலம் வீட்டுக்கே வந்து ஷூட் பண்ணலாமா? ஒரு வருஷ ஒப்பந்தம். மேடம் இருக்காங்களா?"

"எதுவா இருந்தாலும் எங்கிட்டயே சொல்லலாம்."

"ஐயோ, சாரா! சார், நீங்க கட்டாயம் வீட்ல இருக்கணும். நீங்க இல்லைன்னா அந்த சேனலே இல்லை!"

விமர்சகருக்குத் தரையில் கால் பாவவில்லை. தன் நம்பர் கிடைக்காமல் மனைவி நம்பருக்கு அடித்திருக்கிறார்கள் என்று அவரே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார். மனைவி தலை துவட்டிக்கொண்டு வந்ததும் அறிவித்தார்.

"நான் வேலையை விடப்போறேன்."

"ஐயையோ! அவசரப்படாதீங்க. வீட்டுக்கு வர்ற சம்பளம் அது ஒண்ணுதானே? அந்த ஃபோன் எதுக்கு வந்துதுன்னா..."

"எதுக்கு வந்துதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியாது! இன்னிக்காவது நான் சொல்றதை முழுசாக் கேளுங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது. இந்த சேனல், விமர்சனம் எல்லாம் உனக்குப் புரியற சமாசாரம் இல்லை."

மனைவி அவரையே வெறித்துப் பார்த்தாள். விடுவிடென்று சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் யாரிடமோ ரொம்ப நேரம் பேசுவது கேட்டது. தங்கையிடம் புலம்புகிறாள், புலம்பட்டும் என்று விட்டுவிட்டார். மைக்கை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று தேடினார். மறுபடியும் காணோம்.

மறுநாள் காலை மேனேஜர் முன்னால் போய் நின்று ராஜினாமாவைச் சொன்னார். அதோடு விடவில்லை. மேனேஜரைப் பற்றியும், மேனேஜரின் நாற்காலியைப் பற்றியும், மறக்காமல் முடியைப் பற்றியும் உள்ளது உள்ளபடி எடுத்துரைத்தார். மேனேஜர் எழுந்து நின்று கை குலுக்கினார். இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து விமர்சகர் பார்த்ததில்லை. பாதிப் படி இறங்கியவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஒப்பந்தம் இருக்கிறது, எதற்குப் பயம் என்று வேகமாக இறங்கினார்.

சாயங்காலம் கோட்டு போட்டு, தலையைப் படிய வாரி, வாசலிலேயே நின்றார். வேனிலிருந்து டைரக்டர் அம்மாவும், கேமராக்காரரும், ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டிய சவுண்ட்காரரும் இறங்கினார்கள். அவரைப் பார்த்ததும் மூன்று பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"சார்! நேர்லயும் அப்படியே இருக்கீங்க! ஆனா இந்தக் கோட்டு எதுக்கு? அந்த ஓட்டை பனியன் எங்க?" என்றார் டைரக்டர் அம்மா. "எப்பவும் போல சோபாவுல சாஞ்சு, கையில ரிமோட்டைப் புடிச்சுக்குங்க. வேற ஒண்ணுமே செய்ய வேண்டாம்."

இயற்கையாக இருக்க வேண்டும் என்கிறார்கள், நல்ல ரசனை என்று விமர்சகர் மெச்சிக்கொண்டார். கோட்டைக் கழற்றினார், சாய்ந்தார், தொண்டையைக் கனைத்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா?"

"கோவிச்சுக்கக் கூடாது!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் முடித்தார்கள்.

விமர்சகருக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நாள் உழைப்பு! எண்ணிக்கையாவது, மண்ணாவது. இதோ, மனப்பாடமே செய்திருக்கிறார்கள்.

அப்போது மனைவி உள்ளேயிருந்து வந்தாள். இஸ்திரி போட்ட புடவை. தலை வாரியிருந்தாள். கேமராக்காரர் விளக்கை அவள் பக்கம் திருப்பினார். டைரக்டர் அம்மா எழுந்து நாற்காலி போட்டார். சவுண்ட்காரர் மைக்கோடு வந்தார். விமர்சகர் மோவாயைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினார். சவுண்ட்காரர் அவரைச் சுற்றிக்கொண்டு போய், மைக்கை அவள் புடவைத் தலைப்பில் மாட்டினார்.

"அப்புறம் சொல்றேன், அப்புறம் சொல்றேன்னு இருந்தேனே, அது இதுதாங்க" என்றாள் மனைவி மெதுவாக.

"எது இதுதான்? தம்பி, ஆள் மாறிப் போச்சு. எனக்குல்ல மைக்கு?"

சவுண்ட்காரர் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"‘வீட்டுக்காரர்: ஏழு வருஷ உபயோகத்துக்கு அப்புறம் நேர்மையான விமர்சனம்’னு வீடியோ போடறது மேடம்தானே சார்? பொருளுக்கு எதுக்கு மைக்கு?"