கலியாணசுந்தரத்தின் ஓடாத சைக்கிள்

கோயில் மேடையில் நடந்ததை எனக்கு முதலில் சொன்னது கலியாணசுந்தரம்தான். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்காவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்கிற நேரம். கோயிலில் பூசை முடிந்ததுமே முழங்கால் வலியோடு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். கொழுக்கட்டையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தபோது பின்வாசல் கதவு படீரென்று திறந்தது. கழுத்தில் ரோஜா மாலை, கண்ணில் நெருப்பு.

“அக்கா! இனிமே அந்த வீட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்!”

நான் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு செம்பு குடித்தார். பிறகு எட்டுக் கொழுக்கட்டை சாப்பிட்டார். கோபம் வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அவருக்கு நன்றாக இறங்கும்.

நான் கோபப்படுகிறவள் இல்லை. நான்கு பிள்ளைகளை வளர்த்துக் கரை சேர்த்தேன்; ஒன்றின் மேலும் கை ஓங்கியதில்லை. ஆனால் கலியாணசுந்தரம் விஷயத்தில் சாமி என்னை மன்னிக்க வேண்டும்.

அடுத்த வீட்டுக்காரர். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை. அவருடைய வயிறு முதலில் ஆபீஸ் போய்ச் சேரும். அவர் பிறகுதான் வருவார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் தன் வீட்டில் சமைக்கிற குசினியின் படியை மிதித்ததில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்வார். “ஆம்பளைக்குக் குசினியில என்னக்கா வேல?” தண்ணீர் வேண்டுமென்றால் முன் வராந்தாவிலிருந்து ஒரு சத்தம். தண்ணீர் நடந்து வரும்.

நடத்திக் கொண்டுவருகிறவள் அவர் மனைவி பொன்னம்மா. அவளுக்கு வலது தோள் தூக்க வராமல் போயிற்று. காலையில் தேங்காய்ச் சட்னி, மத்தியானம் தேங்காய்ப்பால் குழம்பு, ராத்திரி சொதி என்று தினம் மூன்று தேங்காய் துருவித் துருவி வந்த வலி. தலை பின்னிக்கொள்ளக்கூட என்னிடம்தான் வருவாள். வலி தாங்காமல் ஒருநாள் கேட்டுவிட்டாள்.

“ஏங்க, பசார்ல இருக்கற மாதிரி துருவற மெஷின் ஒண்ணு…”

“மெஷினா! எங்கம்மாவுக்கு மெஷினா இருந்துச்சு? கையி எதுக்கு இருக்கு?”

அதே வாரம் டாக்டர் அவரிடம் வயிற்றைக் குறைக்கச் சொன்னார். கோபத்தையும் குறைக்கச் சொன்னார். டாக்டர் மேலேயே கோபம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார்:

“வீட்டுலயே எக்சர்சைஸ் மெஷின் வாங்கிப் போடப் போறேன்!”

அன்றைக்குச் சாமி பாட்டு எனக்கு மறந்துபோயிற்று. மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் கண்ணை மூடினால் அவர் வயிறுதான் தெரிந்தது.

சுதந்திரம் வரப்போகிறதென்று தோட்டத்துத் துரைகள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு துரை பங்களாவில் சாமானெல்லாம் லெலோங் விட்டார்கள். ஏலத்தில் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாது. பொன்னம்மா தானும் வருகிறேன் என்றாள். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டாள்.

அங்கே மூன்று மெஷின் இருந்தது. ஒன்று இடுப்பில் பெல்ட் மாட்டிக் குலுக்குவது. ஒன்று தரையில் உட்கார்ந்து துடுப்புப் போடுவது. மூன்றாவது சைக்கிள், ஆனால் ஓடாது. முன்னால் ஓர் இரும்புச் சக்கரம், அம்மிக்கல் கனம். பொன்னம்மா அதை விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். நான் நூற்றெட்டு எண்ணி முடித்தேன், சக்கரம் நிற்கவில்லை. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

பதினெட்டு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. அவரிடம் எதையும் வேண்டும் என்று கேட்கக் கூடாது. தோள் வலியில், துருவும் மெஷின் கேட்ட அன்றைக்குத்தான் அதை மறந்துவிட்டாள்.

“இந்தக் குலுக்கற பெல்ட்டு நல்லாருக்குங்க. நீங்க சும்மா நின்னாப் போதும்.”

“சும்மா நிக்க நான் என்ன விளக்குக் கம்பமா?”

“அப்ப துடுப்புப் போடறத எடுங்க. உக்காந்தே செய்யலாம்.”

“உக்காந்தா எழுப்பிவிடறது யாரு? உனக்குத்தான் கையே தூக்க வராதே!”

நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

“சரிங்க, எதையாச்சும் எடுங்க. அந்தச் சைக்கிள் மட்டும் வேணாம்.”

“ஏன் வேணாம்?”

“சக்கரம் ரொம்பப் பெருசுங்க. துரைங்க காலு வேற. உங்க காலு வேற.”

அவ்வளவுதான். முகம் சிவந்து, மீசை துடித்து, ஏலக்காரர் மேசையை ஓங்கித் தட்டினார்.

“அடுத்த மாசம் நாடே நம்ம கைக்கு வருது! ஒரு சக்கரம் நம்ம காலுக்கு வராதா? சைக்கிள எம்பேர்ல எழுதுங்கய்யா!”

தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டுமென்று அதை முன் வராந்தாவில் போட்டார். அந்த வராந்தாவின் பின்சுவர்தான் குசினிச் சுவர். வெறும் பலகை. மறுநாள் அவர் ஆபீஸ் போன பிறகு சைக்கிள் கடை தேவதாஸ் வந்தான். பலகையில் இரண்டு ஓட்டை போட்டான். சக்கரத்திலிருந்து ஒரு தோல் வாரை உள்ளே இழுத்து, பசாரில் கழித்துப் போட்ட, தேங்காய் துருவும் முள்ளுருண்டையில் மாட்டிவிட்டுப் போனான்.

சாயங்காலம் அவர் குனிந்து பார்த்தார்.

“இது என்னடி வாரு? செவுத்துக்குள்ள போவுது?”

“பாரமுங்க. துரை பாரம் வச்சுத்தான் மிதிப்பாராம். உங்களுக்கு வேணாம். தேவதாஸ் தம்பிய வந்து கழட்டச் சொல்றேன்.”

“கழட்டிப் பாரு! அவன் கைய ஒடிச்சிருவேன்!”

மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கெல்லாம் ஏறிவிடுவார். வெளியே அவர் மிதிக்க மிதிக்க, உள்ளே பொன்னம்மா இடது கையால் தேங்காய் மூடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். துருவல் மல்லிகைப் பூ மாதிரி கொட்டும். இரண்டாவது வாரத்தில் பின்வாசலில் வரிசை. எதிர்வீட்டு விஜயா, மளிகைக்கடை ஹஸீனா, நான். அவர் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால்.

“உள்ள என்னடி கரகரன்னு சத்தம்?”

“பாரமுங்க. முடியலன்னா எறங்கிடுங்க.”

“யாருக்குடி முடியல!”

சக்கரம் பறக்கும். ஹஸீனா இன்னும் இரண்டு மூடியை நீட்டுவாள். இறங்கி நான்கு அடி நடந்து எட்டிப் பார்த்தால் தீர்ந்தது. ஆனால் குசினிக்குள் ஆம்பளைக்கு என்ன வேலை?

மெர்டேக்காவுக்கு மறுநாள் கோயிலில் ஊருக்கே சாப்பாடு. அன்று விடியற்காலை பொன்னம்மா சொன்னாள்: “இளைச்சுப் போயிட்டீங்க. இன்னிக்கு ஒரு நாளு மிதிக்காம இருங்க.” மூன்று மணி நேரம் மிதித்தார்.

பந்தி முடிந்ததும் கோயில் தலைவர் பொன்னுதுரை ஒலிபெருக்கியைப் பிடித்தார். “இன்றைய சமையலுக்கு நூறு தேங்காயையும் தன் வீட்டு மெஷினில் தானே மிதித்துத் துருவிக் கொடுத்த திரு. கலியாணசுந்தரம் மேடைக்கு வரவும். வெள்ளிக்கிழமைதோறும் பிரசாதத்துக்கும் அவரே துருவித் தருவார் என்று அவர் துணைவியார் வாக்குக் கொடுத்திருக்கிறார்.”

முந்நூறு பேர் கை தட்டினார்கள். எதிரே சாமி. எப்படிக் கத்துவார்? கும்பிட்டார். கும்பிட்ட கையோடு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“நீங்களே நியாயம் சொல்லுங்கக்கா! புருஷனச் செக்குமாடா ஆக்கிட்டா!”

“வயிறு எப்படி இருக்கு தம்பி?”

“பெல்ட்டு ரெண்டு ஓட்டை உள்ள போயிருச்சு. அதுவா இப்பப் பேச்சு?”

“பொன்னம்மா தோளு?”

வாய்க்குப் போன கொழுக்கட்டை நடுவழியில் நின்றது. மாலையைத் தொட்டுப் பார்த்தார்.

“இத அவதான்க்கா போட்டா. ரெண்டு கையையும் தூக்கி.”

எனக்குக் கோபம் பாதி போய்விட்டது. அவருக்குத்தான் அடுத்த நிமிஷமே திரும்பி வந்தது.

“அதுக்காக! கோயிலுக்குச் சொன்ன வாக்கு, வெள்ளிக்கிழமை மிதிக்கறேன். மத்த நாளு டாக்டருக்காக மிதிப்பேன், வெறும் சக்கரம்! ஒரு துண்டுத் தேங்கா அங்க வரக்கூடாது!”

“உள்ள போய்ப் பார்ப்பீங்களா தம்பி?”

“நானா? அந்தக் குசினியிலயா? இந்த வெளக்கு சாட்சியா சொல்றேன், உசுரு போனாலும் அங்க கால் வைக்க மாட்டேன்!”

என் குசினியில் நின்றுகொண்டு சத்தியம் செய்தார். செய்துவிட்டு ஒன்பதாவது கொழுக்கட்டையை எடுத்தார். உள்ளே இருந்த பூரணம் அன்று காலையில் அவர் மிதித்ததுதான். நான் சொல்லவில்லை.

நீங்கள் அந்தப் பக்கம்தானே போகிறீர்கள்? நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. இந்த இரண்டு தேங்காயைப் பொன்னம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். பின்வாசல் வழியாக.