நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் நிபுணர்

உலகத்தில் வீடியோ கேம் ஆடுகிறவர்கள் உண்டு, ஆட விடாமல் திட்டுகிற பெற்றோர்கள் உண்டு, இந்த இரண்டு வகையிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. இந்த இனத்தவர் ஆடமாட்டார். அடுத்தவர் ஆடும்போது நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார், ஒரு கையை நாற்காலியின் முதுகில் ஊன்றுவார், மறு கையால் தாடையைத் தடவுவார், நீங்கள் எதிரிப் படை முழுவதையும் ஒற்றை ஆளாகச் சாய்த்துவிட்டு மூச்சு விடப்போகும் அந்த நொடி பார்த்து, "கிராபிக்ஸ் பரவால்ல. ஆனா உள்ள சரக்கு இல்ல" என்பார். நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள். அதற்குள் உங்கள் ஆள் செத்துப்போயிருப்பான்.

பார்த்திருப்பீர்களே?

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவர் 2008-ஆம் ஆண்டு வாக்கில் பாண்டி லாஸ்பேட்டையில் வாழ்ந்தார். பெயர் கலைவாணன். ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. சாயங்காலம் ஐந்தரைக்கு அலுவலகத்தை விட்டால், ஸ்கூட்டர் வீட்டுக்குப் போகாது. காலேஜ் ரோட்டில் ஒரு மாடிப்படியின் கீழே போய் நிற்கும். மாடியில் சரிதா நடத்திய கேம் சென்டர். பத்து கம்ப்யூட்டர், பன்னிரண்டு நாற்காலி, ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு மின்விசிறி. அந்தப் பன்னிரண்டு நாற்காலியில் ஒன்றில்கூட கலைவாணன் உட்கார்ந்ததாக வரலாறு இல்லை.

கார் பந்தயத்தைப் பார்த்தால், "காரு ஓடுது, சரி. எதுக்கு ஓடுது? ஒரு நோக்கம் வாணாமா?" என்பார். கால்பந்தைப் பார்த்து, கதை பலவீனம் என்பார். சதுரங்கத்தில் வன்முறை அதிகம் என்றார் ஒருமுறை. யானையெல்லாம் வெட்டுப்படுகிறதே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். இது எதற்கும் மசியாத விளையாட்டு வந்துவிட்டால் இருக்கவே இருக்கிறது பிரம்மாஸ்திரம்: "இருந்தாலும் முதல் பாகம் மாதிரி வராது." முதல் பாகமே அதுதான் சார் என்று ஒரு மாணவன் சொல்லிப் பார்த்தான். "அதான் சொல்றேன். அவசரப்பட்டு எடுத்துட்டான்" என்றார் கலைவாணன்.

யாராவது வாய் தவறி, "நீங்க ஒரு கை ஆடுங்களேன் சார்" என்றால், சிரிப்பார். "சமையல் நல்லாருக்கா இல்லியான்னு சொல்றவன் அடுப்பாங்கரையில போய் நிக்கணுமா?"

சமைக்க வேண்டாம் ஐயா. சாப்பிட்டாவது பார்த்தது உண்டா?

ஒரே ஒரு முறை உண்டு. கல்யாணமான புதிதில், மாமியார் வீட்டு டிவியில் குத்துச்சண்டை கேம் ஒன்றை மாட்டி வைத்திருந்தார்கள். மச்சினி சுமலதா கூப்பிட்டாள், மாப்பிள்ளை மிடுக்கோடு உட்கார்ந்தார், நாற்பது நொடியில் தரையில் கிடந்தார். திரையில்தான், ஆனாலும் மாமியார் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டு, "இன்னா அதுக்குள்ள உளுந்துட்டாரு?" என்று கேட்டது நிஜத்தில். அன்றைக்கு எழுந்தவர்தான். பிறகு எந்தத் திரையின் முன்னும் உட்காரவில்லை. விசைப்பலகையைத் தொட நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கும். பேசுவதற்கு உள்ளங்கை தேவையில்லை என்பதை அவர் சீக்கிரமே கண்டுகொண்டார்.

சரிதா ஏன் இவரை உள்ளே விட்டாள் என்று கேட்பீர்கள். காரணம் இருந்தது. கலைவாணன் எந்த விளையாட்டைக் குப்பை என்கிறாரோ, அன்றைக்கே அதற்குக் கூட்டம் கூடிவிடும். "உங்க வாயால ஒருவாட்டி திட்டிடுங்க சார்" என்று புது சிடி வந்ததும் அவளே பயபக்தியோடு நீட்டுவாள். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். ஒரு வகையில் மரியாதைதானே?

இப்படி ஊரைக் குறை சொல்லி ஒருவருக்கும் கெடுதல் செய்யாமல் வாழ்ந்துவந்த மனிதரிடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அன்புசெல்வி வந்து சேர்ந்தாள்.

அன்புசெல்வி கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருடம். கடலோரத்து வம்பாகீரப்பாளையத்துப் பெண். அம்மா சின்னப்பொண்ணு லாஸ்பேட்டைத் தெருக்களில் மீன் விற்கிறவள். வகுப்பில் அத்தனை பேரும் நூலகத்தில் புத்தகக் கணக்கு வைக்கும் புரோகிராம் ஒன்றையே பெயர் மாற்றி, நிறம் மாற்றி ப்ராஜெக்டாகக் கொடுத்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் எட்டு மாதம் உட்கார்ந்து சொந்தமாக ஒரு கேம் செய்திருந்தாள். ப்ராஜெக்டை மேற்பார்க்கும் வைத்திலிங்கம் சாருக்கு அது பிடிக்கவில்லை. "விளையாட்டெல்லாம் ஒரு ப்ராஜெக்டா? சரி, வெளியாளு ஒருத்தரு, வேலையில இருக்கறவரு, ஆடிப் பாத்துட்டு இந்த ஃபாரத்துல எழுதிக் குடுக்கட்டும். திங்கக்கிழமை காலைல வரல, லைப்ரரி ப்ராஜெக்ட பண்ணிக்க" என்று சொல்லிவிட்டார்.

"இந்த ஊர்லயே கேம பத்தி உங்களுக்குத்தான் சார் எல்லாம் தெரியும்னாங்க" என்றாள் அன்புசெல்வி.

கலைவாணனுக்கு உடம்பு ஒரு சாண் உயர்ந்தது. அவள் கொண்டுவந்த சிடியைச் சரிதா போட்டாள். திரையில் கடற்கரை விரிந்தது. படகு வந்து ஒதுங்க, சேலையை வரிந்து கட்டிய ஒருத்தி தலையில் மீன்கூடையோடு புறப்பட்டாள். காக்கா, தெருநாய், வாடகைச் சைக்கிளில் தள்ளாடும் வெள்ளைக்காரர்கள், சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் எல்லோரையும் தாண்டி, மீன் கெடுவதற்குள் பெரிய மார்க்கெட் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

கலைவாணன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். தாடையைத் தடவினார்.

"மொதல்ல, உன் கதாநாயகிக்கு ஒரு லட்சியம் இல்ல."

"மீன் மார்க்கெட்டுக்குப் போவணும் சார்."

"அது லட்சியமா? உலகத்த காப்பாத்தறது லட்சியம். சரி, வில்லன் யாரு?"

"காக்கா சார்."

"காக்காவா! அதுக்கு ஒரு முன்கதை வாணாமா? அது ஏன் மீன தூக்குது?"

"பசி சார்."

"பசின்னா பத்தாதும்மா."

இப்படியே ஏழு குறை சொன்னார். கடலில் நீலம் அதிகம் என்றார், நாய்க்கு முகபாவம் போதாது என்றார், கூடைக்கு ஒரு பின்னணி இசை கேட்டார். அன்புசெல்வி ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். எழுத எழுத அவள் முகம் சின்னதாகிக்கொண்டே போனது. ஏழாவதை எழுதி முடித்துப் பேனாவை மூடினாள்.

"சரி சார். இவ்ளோ தப்பு இருக்கறது எனக்குத் தெரில. சீனியர் அக்கா ஒருத்தங்க லைப்ரரி ப்ராஜெக்ட தரேன்னாங்க. அத்தயே குடுத்துடறேன்" என்று சொல்லி, சிடியை வெளியே எடுக்கக் கையை நீட்டினாள்.

கலைவாணனுக்குச் சுரீரென்றது. இத்தனை வருடத்தில் அவர் பேச்சைக் கேட்டு யாரும் எதையும் செய்ததில்லை. யாரும் கேட்க மாட்டார்கள் என்கிற தைரியத்தில்தானே அத்தனையும் பேசியது! பொம்மை என்று நினைத்துத் துப்பாக்கியை ஊர் முழுக்க நீட்டிக்கொண்டு திரிந்தவனுக்கு, ஒருநாள் குண்டு வெடித்துவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி நின்றார். எட்டு மாதம். ஒரு சின்னப் பெண்ணின் எட்டு மாதம்.

"இரும்மா, இரும்மா. குறைன்னா... அப்படி ஒண்ணும் குறை இல்ல. ஃபாரத்த குடு. கையெழுத்துதானே?"

ஃபாரத்தை வாங்கினார். முதல் கேள்வியே எழுந்து உட்கார்ந்து அவரைப் பார்த்தது. 'முதல் கட்டத்தை ஆடி முடிக்கத் தங்களுக்கு ஆன நேரம்?'

தங்களுக்கு.

"பத்து நிமிஷம்னு போட்டுக்கவா?" என்றார் மெல்ல.

"பொய்யெழுதி மாட்டிக்கினா அந்தப் பொண்ணுக்குத்தான சார் வம்பு?" என்றாள் சரிதா. பிறகு ஒரு நாற்காலியை இழுத்து, இருக்கையைத் தன் கையால் தட்டித் துடைத்தாள். "உக்காருங்க சார்."

மற்ற ஒன்பது கம்ப்யூட்டரிலும் ஆட்டம் நின்றது. ஒன்பது தலையும் திரும்பின. கலைவாணன் மின்விசிறியைப் பார்த்து மனமுருக வேண்டினார்: கரண்ட் போகவேண்டும். அப்போதெல்லாம் எல்லையிலுள்ள கோரிமேட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் கால் வைத்தால் மணிக்கணக்கில் கரண்ட் போகும். பாண்டியில் போகவில்லை. போகும் என்று நம்பி இன்னும் அரை நிமிடம் நின்றார். மின்விசிறி முன்னைவிட வேகமாகச் சுற்றியது.

உட்கார்ந்தார்.

முதல் தடவை, எந்தப் பொத்தான் என்று யோசிப்பதற்குள் காக்கா மீனைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டாம் தடவை நாய். மூன்றாம் தடவை பதற்றத்தில் பொத்தானை மாற்றி அழுத்தி, கூடைக்காரியைப் பின்பக்கமாகவே நடத்திக் கடலுக்குள் இறக்கினார். "இது வரைக்கும் யாரும் இந்தப் பக்கம் போனதில்ல சார்" என்றாள் அன்புசெல்வி வியப்போடு. ஒன்பதாம் தடவை போலீஸ்காரர் மேல் மோதினார், பதினான்காம் தடவை வெள்ளைக்காரரின் சைக்கிளுக்கு அடியில் போனார், இருபதுக்குப் பிறகு மறுபடி காக்கா, காக்கா, காக்காவேதான். சிரித்தார்கள். முதலில் அவருக்குக் காது சுட்டது. பிறகு எப்போது என்று தெரியாது, சிரிப்பு காதில் விழவில்லை. கூடை வலப்பக்கம் சாய்ந்தால் இவரும் வலப்பக்கம் சாய்ந்தார், அவள் குதித்தால் நாற்காலியோடு குதித்தார், கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்து தொங்கியது, நல்ல சட்டையின் மேல் பொத்தான் தெறித்து எங்கோ விழுந்தது.

"போவுது பாரு! ஏய்! எம் மீனு! த்தூ, வெக்கங்கெட்ட காக்கா!" என்று அவர் கத்திய நேரத்தில், மாடிப்படி ஏறி வந்து நின்றாள் சின்னப்பொண்ணு. விற்று முடித்த அலுமினிய அன்னக்கூடை இடுப்பில் இருந்தது. மகளைக் கூட்டிப் போக வந்தவள், திரையைப் பார்த்தாள், கலைவாணனைப் பார்த்தாள்.

"யாருடி இவரு? எங் கூடைய இன்னா பாடு படுத்தறாரு?"

"நிபுணரும்மா."

"தெரியுது." கூடையைக் கீழே வைத்தாள். "சார், காக்காகிட்ட ஓடிக் காமிக்கக்கூடாது. நாலு நெத்திலிய எடுத்து அந்தாண்ட வீசு. அது அங்க போவும், நாம இங்க போவோம். தெனம் அப்படித்தான் போய்க்கினு இருக்கேன்."

கலைவாணன் சடாரென்று திரும்பினார். "வீச எந்தப் பட்டன்?"

"அப்படி ஒரு பட்டன் வெக்கல சார்" என்றாள் அன்புசெல்வி.

"வெக்கலியா? சைக்கிள் வெச்ச, தொப்பி வெச்ச, ஒரு நெத்திலி வீச வழி வெக்கலியா? நான் எப்படிம்மா மார்க்கெட்டுக்குப் போறது?" என்றார் கலைவாணன்.

அவர் வாழ்நாளில் சொன்ன ஆயிரத்துச் சொச்சம் குறைகளில் உருப்படியானது அதுதான். அன்புசெல்வியின் கண் விரிந்தது. பையிலிருந்து பென் டிரைவை உருவினாள், அடுத்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள், விரல்கள் பறந்தன. சின்னப்பொண்ணு பின்னால் நின்று, "கிட்ட உழுதுடி, இன்னும் தூரமா வீசு" என்று சொல்லச் சொல்ல அவள் திருத்தினாள். ஒரு மணி நேரம் ஆனது. கலைவாணன் அந்த ஒரு மணி நேரமும் குறை ஒன்றும் சொல்லவில்லை. டீ கூட வேண்டாம் என்றார்.

மறுபடி உட்கார்ந்தார். காக்கா வந்தது. நெத்திலி பறந்தது. காக்கா போனது! நாய் வந்தது, தாண்டினார். சைக்கிள் வந்தது; குனிந்தார். தொப்பி வந்தது, விசில் ஊதுவதற்குள் சந்துக்குள் புகுந்தார். ஒன்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்க, அறுபத்து மூன்றாம் தடவையில் மார்க்கெட் வாசலில் கூடை இறங்கியது.

கலைவாணன் அப்போது செய்ததை அவரே பின்னாளில் மறுத்தார். பார்த்தவர்கள் பன்னிரண்டு பேர். சரிதாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார், மின்விசிறியைக் கும்பிட்டார், பால்கனிக்கு ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு லாஸ்பேட்டை கேட்க, "மார்க்கெட்டுக்கு வந்துட்டேன்!" என்று கூவினார்.

கீழே நின்ற பெரியவர் ஒருவர் அண்ணாந்து பார்த்து, "இது லாஸ்பேட்டை சார். மார்க்கெட்டுக்குப் போவணும்னா எதிர்ப்பக்கம் பஸ் ஏறணும்" என்றார் பரிவோடு.

ஃபாரத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினார். ஆன நேரம்: மூன்று மணி பதினோரு நிமிடம். நிறை: காக்கா. குறை: அதே காக்கா. பரிந்துரை: அனைவரும் ஆடவும், என் மாமியார் நீங்கலாக.

திங்கட்கிழமை காலையில் வைத்திலிங்கம் சார் அதைப் படித்தார். அரசாங்க ஊழியர் ஒருவர் முதல் கட்டத்துக்கே மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டதை நினைத்து வாய்விட்டுச் சிரித்தார், "நாம இதோ அஞ்சு நிமிஷத்துல" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார், அடுத்த வகுப்பு வாத்தியார் இல்லாமலே நடந்து முடிந்தது. அன்புசெல்வி அந்த வருடம் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கினாள். நூலகங்கள் இருபத்து நான்கும் பின்னால் நின்றன.

கலைவாணன்? அடுத்த ஒரு மாதம் நாற்காலியை விட்டு எழவில்லை. நன்றாக ஆடினாரா என்றால், இல்லை. ஆனால் தோற்கும்போது மிகவும் சந்தோஷமாகத் தோற்றார். அது எல்லோருக்கும் வருவதில்லை. பேச்சும் குறைந்தது. வாடிக்கையாளர் கூட்டமும் கொஞ்சம் குறைந்ததாகச் சரிதா வருத்தப்பட்டாள். இனிமேல் திட்ட ஆள் யார்?

இதையெல்லாம் எழுதி முடித்துக் கலைவாணனிடமே படித்துக் காட்டியாயிற்று. கோபித்துக்கொள்வாரோ என்கிற பயம் இருந்தது. கண்ணை மூடிக் கடைசி வரி வரைக்கும் கேட்டார், தொடையில் தட்டிச் சிரித்தார். "பிரமாதம்! இதே மாதிரி ஆளு ஒருத்தர் எங்க ஆபீஸ்ல இருக்காரு. அச்சு அசலா அவர்தான்" என்றார்.

படித்துக்கொண்டு வரும்போது உங்களுக்கும் யாரோ ஒருவருடைய முகம் ஞாபகம் வந்திருக்குமே, வந்ததா? அந்த முகத்துக்கு உரியவரும் எங்கோ உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு இப்போது யாருடைய முகம் ஞாபகம் வந்திருக்கும் என்பதை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.