மாமனாரின் கை

இறந்துபோன என் மாமனாரைத் திரும்ப வரவழைப்பது என்று முடிவு செய்தேன். வேறு வழியில்லை. மொட்டைமாடிச் சாவி என் மனைவியின் இடுப்பில் இருந்தது. அதைக் கழற்றும் தைரியம் உயிரோடு இருக்கும் யாருக்கும் கிடையாது.

எல்லாம் புயல் செய்த வேலை. நான் ஒரு ரேடியோப் பைத்தியம். வீட்டில் உட்கார்ந்தபடியே கடல் தாண்டி இருக்கும் முகம் தெரியாத சிநேகிதர்களோடு மோர்ஸ் தந்தியில் தட்டித் தட்டிப் பேசுகிறவன். அதற்காக மாடியில் நட்டிருந்த ஆண்டெனாக் கம்பம் காற்றில் முறிந்து, கட்டியிருந்த கம்பிகளையும் பிடுங்கிக்கொண்டு, பின்புறம் துணி துவைக்கும் கல்லின்மேல் விழுந்தது. கல் இரண்டாகப் பிளந்தது. அவள் அப்போதுதான் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்திருந்தாள்.

"இனிமே வீட்டு மேல கம்பம் ஏறாது. நீங்களும் ஏறக் கூடாது" என்றாள்.

"ஆண்டெனா இல்லாம நான் எப்படிப் பேசறது?"

"என்கிட்ட பேசுங்களேன்."

பேச்சு அதோடு முடிந்தது. அவள் தட்டாத ஒரே சொல் அவளுடைய அப்பாவின் சொல். அவர் கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்தவர். போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது.

மோர்ஸ் தட்டுகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு 'கை' உண்டு, கையெழுத்து மாதிரி. என் மாமனார் ஒவ்வொரு சொல்லின் கடைசி ஒலியையும், விரலை எடுக்க மனமில்லாதவர் போல, கொஞ்சம் இழுப்பார். அந்த இழுப்பை ஆயிரம் பேர் நடுவிலும் நான் கண்டுபிடிப்பேன்.

மோர்ஸ் தட்டிப் பழகுவதற்கான சின்ன பஸ்ஸர் ஒன்றை மேஜைக்கு அடியில் ஒட்டினேன். முழங்காலால் அமுக்கினால் போதும். புயலுக்குப் பிறகு கரண்ட் வரவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவளை எதிரே உட்கார வைத்தேன். சத்தம் கிளம்பியது. டிட், டா, டிட், டாஆ.

"கேக்குதா? உங்கப்பா கை."

அவள் முகம் மாறியது. "என்ன சொல்றார்?"

"'மகளே, மாடிச் சாவியை மாப்பிள்ளை கையில கொடு'ங்கறார்."

முழங்காலால் அவ்வளவு நீளமாகத் தட்ட முடியாது. இவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று, ரேடியோவில் பெயருக்குப் பதிலாக எனக்கு உள்ள அழைப்புக்குறியையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்து உள்ளே போனாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது.

மறுநாள் பொழுது சாய்கிற நேரம். அவள் தலைவலி என்று உள்ளறையில் படுத்திருந்தாள். தெருவில் ஒரு சத்தமில்லை. புயல், ஊரிலிருந்த பறவைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்விட்டது போலிருந்தது. ரேடியோ செட் பிழைத்திருக்கிறதா என்று பார்க்க பேட்டரியில் போட்டேன். ஆண்டெனா கிடையாது. அறுந்த கேபிள் ஜன்னலுக்கு வெளியே தொங்கியது. காற்றே இல்லை, ஆனாலும் அது சுவரில் மெல்ல உரசிக்கொண்டிருந்தது.

செட்டில் வெறும் இரைச்சல். அணைக்கப் போனேன்.

டிட், டா, டிட், டாஆ.

குனிந்து பார்த்தேன். என் முழங்கால் பஸ்ஸருக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

"மாப்பிள்ளை" என்றது செட். ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் அதே இழுப்பு. என் கையிலிருந்த மயிரெல்லாம் எழுந்து நின்றது.

"என் பேரைச் சொல்லி உன் குறியை ஏன் தட்டினாய்?"

அது எனக்கும் பஸ்ஸருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். "மாமா... நீங்களா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

வாயால் கேட்டதற்கு ரேடியோ பதில் சொன்னது. "வேறு யார்?"

மேஜைமேல் ஏற்றி வைத்திருந்த மெழுகுவத்தி ஒருமுறை படுத்து எழுந்தது.

"மாடி வேண்டாம். கல்லைப் பார். அவள் நின்ற இடம்."

"சரி மாமா."

"பின்பக்க மூலை. பதினெட்டு அடிக் கம்பம். அடியில் கீல். புயல் வந்தால் சாய்த்துப் படுக்க வை."

பயம் ஒருபக்கம் இருந்தாலும் தொழில் விடவில்லை. "உயரம் குறைஞ்சா தூரத்துல கேக்காதே மாமா?"

"நான் இருக்கும் தூரத்திலிருந்து உனக்குக் கேட்கவில்லையா?"

இதற்குமேல் என்ன வாதாட? செட்டை அணைத்தேன். அணைத்த பிறகும் அந்த இழுப்பு என் காதுக்குள்ளேயே கிடந்தது. விழுந்தடித்து உள்ளறைக்கு ஓடினேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"மாடி வேண்டாம்னு தோணுது."

"அப்பா மாடின்னு சொன்னாரே?"

"மனசு மாறிட்டார்."

"அவர் ஒருதடவை சொன்னா மாத்தவே மாட்டாரே."

"செத்த பிறகு மாறிட்டார், விடு."

காலையில் வேலையை ஆரம்பித்தேன். வளைந்த அலுமினியக் குழாய்களை மடியில் வைத்து நிமிர்த்தினேன். முறிந்த துண்டுகளை அறுத்துப் புதுசு சேர்த்தேன். தண்ணீர் ஏறிய கேபிளை நல்ல இடம் வரும்வரை வெட்டி, மூட்டில் டேப் சுற்றினேன். பின்பக்க மூலையில் குழி தோண்டினேன். முதுகுக்குப் பின்னால் மாமனார் நின்று மேற்பார்வை பார்ப்பது போலவே இருந்தது. நான்கு தடவை திரும்பிப் பார்த்தேன். ஐந்தாவது தடவை பார்க்கத் தைரியம் வரவில்லை.

கம்பம் செய்யச் சொல்ல வெல்டர் பட்டறைக்குப் போனேன்.

"பதினெட்டு அடி. அடியில கீல் வேணும்பா."

அவர் சுவரோரம் கையைக் காட்டினார். பச்சைப் பெயின்ட் அடித்து, கீல் வைத்து, கம்பம் தயாராக நின்றது.

"அக்கா புயலுக்கு மறுநாளே வந்து அளவு கொடுத்துட்டாங்களே சார். நீங்க வந்து வாங்கிக்குவீங்கன்னு சொன்னாங்க."

கம்பத்தைத் தோளில் சுமந்து வரும்போதுதான் மூளை வேலை செய்தது. ஆண்டெனா இல்லாத செட்டில் தூரத்துச் சத்தம் அவ்வளவு கணீரென்று கேட்காது. கேட்டால், அனுப்புகிறவர் அதே வீட்டுக்குள் இருக்கிறார் என்று அர்த்தம். இந்தக் கலையில் காலெடுத்து வைத்த பொடியனுக்கும் இது தெரியும். பயந்தவனுக்குத் தெரியாது.

அடுப்படியில் அவள் டம்ளரில் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மோர்ஸ் அனுப்பிப் பார்க்கும் மாமனாரின் பழைய சோதனைப் பெட்டி. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். அதன் அலை நாலு சுவர் தாண்டாது.

"உனக்கு எப்போலேர்ந்து மோர்ஸ் தெரியும்?"

"பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாலேர்ந்து. அப்பா மடியில உக்காந்து கத்துக்கிட்டது. அவர் கைதான் எனக்கும்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

கல்யாணமான நாள் முதல் அவள் காய் நறுக்கும்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து நான் தட்டியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

"அப்போ நான் சிநேகிதன்கிட்ட தட்டினது..."

"'இன்னிக்கும் உப்பில்லை'ன்னு தட்டினதும் கேட்டேன். 'இவளுக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு தட்டினதும் கேட்டேன்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அவள் டம்ளரை என் முன்னால் வைத்தாள். சிரிக்கவில்லை.

"அந்தக் கல்லு உடைஞ்ச சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. கம்பம் மாடியில இருந்தா அடுத்த புயல்ல அதைப் பிடிக்க நீங்க ஓடுவீங்க. நான் சொன்னா கேக்க மாட்டீங்க. அப்பா சொன்னா கேப்பீங்க."

டீயைக் குடித்தேன். சர்க்கரை இல்லை. சொல்லவில்லை.

சாயங்காலம் கம்பம் நின்றது. செட்டைப் போட்டேன். பதினெட்டு அடியிலும் சிநேகிதன் கடல் தாண்டித் தெளிவாக வந்தான். புயலில் எல்லாரும் நலமா என்று விசாரித்தான். வீட்டுச் சாப்பாடு எப்படி என்று வழக்கம்போல் சீண்டினான்.

"என் மனைவி சமையலுக்கு ஈடே கிடையாது" என்று தட்டினேன்.

அடுப்படியில் கரண்டி பாத்திரத்தின் விளிம்பில் தட்டியும் உரசியும் பேசியது, கடைசியில் அந்த இழுப்போடு: "சரியாகக் கேட்கவில்லை. மறுபடி அனுப்பவும்."

அனுப்பினேன்.