பத்திலேயே நின்ற காலிதீன்

"நான் மௌத்தாகிற வரைக்கும் பத்துதான்!"

காலை இடியப்பத்துக்கு முன்னால் காலிதீன் இப்படிச் சபதம் போட்டபோது எதிரே இருந்தது இரண்டு பேர். ஒன்று மனைவி கமீலா, மற்றது கம்ப்யூட்டர். இருவருமே நம்பவில்லை. கம்ப்யூட்டர் மட்டும் மரியாதையாகக் கேட்டது: விண்டோஸ் பத்திலிருந்து பதினொன்றுக்கு மாறலாமா? இப்போதா, பிறகா? 'பிறகு' என்பதை அவர் கொசு அடிப்பதுபோல் அடித்தார். எட்டு மாதமாக அடிக்கிறார்.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. கல்முனையில் வீடு பெண்ணுக்குத்தான். நிக்காஹ் முடித்து ஒரேயொரு சூட்கேசோடு கமீலாவின் வீட்டுக்கு வந்தவர் காலிதீன். கரண்ட் பில் அவள் பேரில், தண்ணி பில் அவள் பேரில். வளவு மாமரம்கூட அவள் தலையாட்டினால்தான் காய்க்கும். கல்யாண அழைப்புக் காட் அடிக்கிற அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றில்தான் அவருடைய சொல் செல்லும். அதையும் விட்டுக்கொடுத்தால் மிச்சம் சூட்கேஸ்தான்.

"பழசுக்குப் பாதுகாப்பு முடிஞ்சிட்டாம். வைரஸ் வந்திருமாம். மாத்துங்களன்" என்றாள் கமீலா.

"என்ட வீட்டுக்குள்ள எந்த வைரஸ் வரும்?"

"ஆர்ர வீடு?"

"உன்ட வீடுதான் புள்ள. கம்ப்யூட்டர் என்ட."

"அது ஒரு காட்டைத் திறக்கிறதுக்குள்ள வந்த ஆக்கள் மூணு பிளேன்டி குடிக்காங்க. ஊத்திறது நான்!"

"உன்ட பிளேன்டி நல்லா இரிக்கி. அதான் குடிக்காங்க."

கமீலா அதற்குமேல் கதைக்கவில்லை. அவள் கதைக்காவிட்டால் கவனமாக இருக்க வேண்டும் என்பது இருபத்திரண்டு வருட அனுபவம். அன்று வெள்ளிக்கிழமை வேறு. ஜும்மாவுக்குப் போனால், பிறகு கடைத்தெருவில் நாலு பேரோடு கதைத்துவிட்டு வர இரண்டரை மணியாகும். ஆகவே காலிதீன் ரவுட்டரைக் கழற்றிப் பையில் போட்டுப் பள்ளிக்கே கொண்டுபோனார். இன்டர்நெட் இல்லாமல் பதினொன்று எப்படி வரும்? அப்படியே வந்தாலும், கம்ப்யூட்டர் உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்கும். அது அவருக்கே தெரியாது. அவருக்கே தெரியாதது வேறு யாருக்குத் தெரியும்? தொழுகை முடிந்து கேட்ட துஆவில் ரவுட்டருக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

வீடு திரும்பியதும் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். சவளக்கடை வயலில் அவர் எடுத்த கொக்குப் படம் அப்படியே நின்றது. எல்லாப் பொத்தானும் இடது மூலையில் பழைய இடத்தில் இருந்தன. 'இப்போதா, பிறகா' என்ற கேள்வி மட்டும் வரவேயில்லை. கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டது என்று முடிவு கட்டினார்.

அதுமட்டுமா? காட் எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் திறந்தன. காலிதீனுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டில், கம்ப்யூட்டர் படிப்பித்துப் பென்சன் எடுத்த இமக்குலேற் டீச்சர் இருந்தார். அவருக்கு மதிலால் எட்டிப் பாடம் எடுத்தார்.

"டீச்சர், நாம உறுதியா நிண்டா மெசினும் பணியும்!"

"ஓம் தம்பி. உங்கட உறுதிக்கு முன்னால ஆருக்கு நிற்கேலும்?" என்ற டீச்சருக்கு ஏனோ இருமல் வந்தது.

கமீலாவும் அடங்கிவிட்டாள். "பழசு பழசுதான்" என்று சொல்லிச் சொல்லிப் பொரித்த மீனில் நடுத்துண்டை அவருக்கே வைத்தாள். மனிதருக்கு அப்படியொரு சந்தோசம். அந்த வீட்டில் அவர் முதன்முதலாக வென்றிருந்தார்.

அடுத்ததற்கு அடுத்த திங்கட்கிழமை, பெருமை தாங்காமல் டீச்சரை உள்ளே கூப்பிட்டார். "வந்து பாருங்க டீச்சர், என்ட பத்தை!"

டீச்சர் கமீலாவைப் பார்த்தார். கமீலா விரல்விட்டு எண்ணிப் பார்த்துத் தலையாட்டினாள். டீச்சர் இரண்டு தட்டுத் தட்டினார். திரையில் விண்டோஸ் பதினொன்று என்று வந்தது.

"ரவுட்டர் என்ட பையில இரிந்திச்சே!"

"டீச்சர்ர வைஃபை மதிலால வந்திச்சி" என்றாள் கமீலா.

"உரிமையாளர்ர கடவுச்சொல்?"

"உரிமையாளர் நான்தானே."

அப்போதுதான் காலிதீனுக்கு ஞாபகம் வந்தது. ஏழு வருடத்துக்கு முன் கம்ப்யூட்டர் வாங்கிய அன்று, கடைக்காரர் பொருத்திக்கொண்டே, கடவுச்சொல் போட உரிமையாளர் பேர் கேட்டார். கரண்ட், தண்ணி என்று எந்தக் கந்தோரில் யார் கேட்டாலும் ஒரே பேரைச் சொல்லிப் பழகிய வாய் அன்றும் சொன்னது, கமீலா என்று.

"அப்ப பொத்தானெல்லாம் பழைய இடத்தில நிண்டிச்சே?"

"அது நடுவிலதான் வந்திச்சி. நீங்க தேடித் திரிவீங்களெண்டு நான்தான் மூலைக்குத் தள்ளி வச்ச."

காலிதீன் எழுந்து நின்றார். கடைசி மானமும் போகக்கூடாது. "இந்த நிமிசமே பத்துக்குத் திருப்பு!"

"திருப்பலாம்தான். பத்து நாளைக்குள்ளதான் ஏலுமாம்" என்றாள் கமீலா. "இண்டைக்குப் பதினொண்டு."