தையல்காரனுக்கு ஊசி ஆகாது

என் உடம்பில் ஊசி இறங்க விடுவதில்லை என்று மாபெரும் முடிவு ஒன்று எடுத்தேன். தையல்காரன் இதை வெளியே சொல்ல முடியுமா? முப்பது வருடமாக ஊசியோடுதான் குடித்தனம். ஆனால் அது துணியில் இறங்குகிற ஊசி. என் தோலில் இறங்குகிறது என்றால் இரண்டு காலும் நூலாகிவிடும். ஐம்பதைத் தாண்டியும் ஏன் இப்படி இருக்கிறேன் என்று பொத்தான் தைக்கும்போதெல்லாம் யோசிப்பேன். பதில் வருவதற்குள் பொத்தான் முடிந்துவிடும்.

வந்த வினை இதுதான். காலம் கடந்து கல்யாணம் செய்துகொண்ட நாங்கள் குழந்தைக்கு ஆசைப்பட்டோம். டாக்டர் முதலில் மனைவியைச் சோதித்தார். நான் கூடப் போகாமல் கடையில் இருந்துகொண்டேன். அவளுக்கு நோய் எதுவும் இல்லை. ஆனால் ஒரு ரத்த நோய்க்கான கூறு அவள் மரபணுவில் ஒளிந்திருக்கிறதாம். என்னிடமும் அதுவே இருந்தால், பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆகவே நானும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

“எங்க வம்சத்துல அதெல்லாம் கிடையாது” என்றேன், மெஷினை மிதித்தபடி.

“எங்க வம்சத்துலயும் கிடையாதுன்னுதான் நெனச்சேன்.”

“என்னைப் பாரு, கல்லு மாதிரி இருக்கேன்!”

“நானும் கல்லுதான். கல்லுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்காம்.”

“கடையில வேலை தலைக்கு மேல கெடக்கு.”

“என்னங்க, பயமா?”

“பயமா? எனக்கா? ரத்தம் எடுத்தா கை மரத்துப்போகும். அப்புறம் கத்திரியை யாரு பிடிப்பா?”

அவள் சிரிக்கவில்லை. “எனக்குப் பயமா இருக்குங்க. பாதி பதில்தான் என்கிட்ட இருக்கு. மீதி உங்ககிட்ட.”

மெஷின் தானாக நின்றது. அவளைத் தனியாகப் பயப்பட விட்டுவிட்டு, நான் வம்சப் பெருமை பேசிக்கொண்டிருந்தேனா? சே! உண்மையைக் கக்கினேன்.

“ஊசின்னா... கொஞ்சம் தலை சுத்தும்.”

“அவ்வளவுதானே? டாக்டர்கிட்ட இருக்குற நர்ஸ் எனக்குப் பழக்கம். ஊசி இல்லாம பண்ண முடியுமான்னு பேசிப் பாக்குறேன். லேசுப்பட்ட காரியமில்ல, கால்ல விழாத குறையா கெஞ்சணும்.”

“நீ என்ன கேட்டாலும் செய்றேன்!”

“கல்யாணம் ஆனதுலேருந்து என் துணி மூணு தைக்காமக் கெடக்கு.”

வாடிக்கைக்காரர்களைக் காக்கவைத்து மூன்றையும் தைத்தேன். அவள் பேசிவிட்டு வந்தாள், கையில் ஒரு சின்னக் குழாயோடு. அதில் எச்சில் துப்பினால் போதுமாம். பதற்றத்தில் வாய் வறண்டுவிட்டது. என் எதிரே உட்கார்ந்து எலுமிச்சம்பழம் நறுக்கினாள். குழாய் நிரம்பியது.

முடிவு வந்தது. அந்தக் கூறு என்னிடம் இல்லை! மருத்துவமனை நடையிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். நான் தைத்த உடுப்பு குடையாக விரிந்தது. சந்தோஷத்தில் நர்ஸிடம் ஓடினேன்.

“எனக்காக ஊசியை விட்டுக்கொடுத்தீங்களே, மறக்க மாட்டேம்மா!”

“ஊசியா? இந்தச் சோதனைக்கு இங்க எல்லாருக்கும் எச்சில்தான் சார். அக்காகிட்ட முதல் நாளே சொன்னேனே!”

திரும்பினேன். மனைவி கூரையின் அழகை ரசித்துக்கொண்டிருந்தாள்.

சில மாதம் கழித்து ஒரு காலை, கண் கலங்கச் சிரித்தபடி கடை வாசலில் வந்து நின்றாள்.

“நாள் தள்ளிப் போயிருக்குங்க.”

நான் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அதுதான் பக்கத்தில் இருந்தது.

“ஒரே ஒரு விஷயம். குழந்தை பொறக்குற வரைக்கும் அப்பாவுக்கு மாசம் ஒரு ஊசியாம். குட்டிச் சட்டை ஆறு தைச்சு வைங்க, நான் பேசிப் பாக்குறேன்.”

பொய். சுத்தப் பொய். இந்தத் தடவை எனக்கு நன்றாகவே தெரியும்.

எதற்கும் இருக்கட்டும் என்று ஏழாகத் தைத்து வைத்தேன்.